கீழே வைத்த கோப்பை

காலை ஐந்து மணிக்கு ஆகிஃப் எரிவாயுவைத் திறந்து வறுவல் எந்திரத்துக்கு நெருப்பு வைத்தான். நீலச் சுவாலை குபுக்கென்று வட்டமாய்ப் பிடித்துக்கொண்டது. இரும்பு உருளை முனகியபடி சுற்றத் தொடங்கியது. மேலே, அம்மான் நகரத்தின் லுவைப்தே குன்றில், ஆட்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற குளிர். கீழே இந்த நிலவறையிலோ கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பதினெட்டுப் படி இறங்கி வரவேண்டும். ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது. அந்தப் பதினெட்டுப் படியிலும் அறுபது கிலோ காபிக்கொட்டை மூட்டையைத் தோளில் சுமந்து இறங்கி வந்தான் ஷஹாத்தா.

“எத்தியோப்பியாக்காரன் நல்லா தின்னுட்டு வந்திருக்கான் அண்ணே,” என்று மூட்டையைத் தொப்பென்று போட்டான். “ஏமன்காரன் பரவால்ல. பாவம், பாதி மூட்டைதான் இருக்கான்.”

“பேசுற மூச்ச மிச்சம் புடி. இன்னும் ஏழு மூட்ட கெடக்கு மேல.”

ஷஹாத்தா எகிப்துக்காரன். ஊரில் மூன்று பெண் குழந்தைகள். இங்கே அவனுக்கு மூட்டை சுமக்கிற வேலை, வறுத்த கொட்டையைத் தொட்டிகளில் கொட்டி ஆறவைக்கிற வேலை, பை கட்டுகிற வேலை. அவனுடைய வேலை அனுமதி முதலாளி பெயரில் இருந்தது. முதலாளி வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடாவிட்டால் அவன் இந்த நாட்டில் நிற்க முடியாது.

உருளைக்குள் கொட்டை சலசலத்தது. எந்திரத்தின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறு கரண்டியை அடிக்கடி உருவி, அதிலிருக்கும் கொட்டையை மூக்குக்குக் கொண்டுபோவது வறுவல்காரனின் பழக்கம். வைக்கோல் வாசனை ரொட்டி வாசனையாக மாறுவது எப்போது, ரொட்டி வாசனை சர்க்கரைப் பாகாக மாறுவது எப்போது, எங்கே நெருப்பைக் குறைப்பது, எங்கே கதவைத் திறப்பது, எல்லாவற்றையும் பதினாறு வருடமாக ஆகிஃபுக்கு அவன் மூக்குதான் சொல்லிவந்தது. இன்றும் கரண்டியை உருவினான். மூக்கருகே பிடித்தான். சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

இரண்டு மாதமாக இப்படித்தான். ஒன்றும் ஏறுவதில்லை. போன வாரம் வீட்டில் அடுப்பில் சோறு தீய்ந்து கறுத்துப்போனது. பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். “தூங்கிட்டீங்களா?” என்று மனைவி நுஹா சத்தம் போட்டாள். ஆமாம், கண் அசந்துவிட்டது என்று சமாளித்தான். அவளிடம்கூடச் சொல்லவில்லை. மூக்குப் போன வறுவல்காரனை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்? கடிகாரம், வெப்பமானி, காது, இந்த மூன்றையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். கொட்டை சோளப்பொரி போல வெடிக்கிற சத்தம் கேட்டதும் விநாடிகளை எண்ணிக் கதவைத் திறந்தான். பழுப்புக் கொட்டைகள் புகைந்துகொண்டே தட்டில் கொட்டின. புகை கண்ணைக் கரித்தது, தொண்டையை அறுத்தது. வெளியே போக அதற்கு வழியில்லை.

போன வருடம் வரை வழி இருந்தது. புகைக்குழாய் பின்கட்டு முற்றத்தில் போய்த் திறந்தது. ‘ஏழாம் படி’ என்ற இந்தக் காபிக்கடை நகரத்தின் சிறப்புக் காபி உலகத்தில் பேர் வாங்கியபின், முதலாளி முஹன்னத் அந்த முற்றத்தில் மரப்பலகை பாவி, பூந்தொட்டி வைத்து, விருந்தினர் உட்காரும் இடமாக்கினார். விருந்தினர் தலையில் புகை இறங்கலாமா? குழாயை வளைத்து நிலவறைக்குள்ளேயே ஒரு வடிகட்டிப் பெட்டியில் விட்டார். பழைய பெட்டி. நாலாம் மாதம் அதன் விசிறி நின்றது. வறுக்கும் சத்தம் மேலே கேட்கிறது என்று ஜன்னலையும் அடைத்தார். இந்தக் கடையில் விற்கிற ஒவ்வொரு பையிலும் கொட்டை எந்த மலையில் எத்தனை அடி உயரத்தில் விளைந்தது, பறித்த விவசாயியின் பெயர் என்ன என்றெல்லாம் அச்சடித்திருக்கும். வறுத்தவன் எங்கே நின்று வறுத்தான் என்று எந்தப் பையிலும் கிடையாது.

ஆறு மணிக்கு ரக்தா இறங்கி வந்தாள். மேலே காபி போட்டுக் கொடுக்கிறவள், இருபத்தாறு வயது. மே மாதம் நடக்கப்போகும், காபி போடுகிறவர்களுக்கான பாரிஸ்டா போட்டிக்குக் கடை சார்பில் பெயர் கொடுத்திருந்தாள். அதற்காகச் சம்பளம் இல்லாமல் தினமும் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து பயிற்சி செய்தாள். கையில் மூடி போட்ட கறுப்புக் கோப்பை.

“அபூ கைஸ், நேத்து வறுத்ததுல போட்டேன். சொல்லுங்க, எப்படி இருக்கு?”

மகன் பெயரைச் சொல்லி அப்படித்தான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். ஆகிஃப் மூடியின் துளைக்கு மேல் குனிந்தான். ஆவி மூக்கில் பட்டது.

“மல்லிகை இருக்கு. கொஞ்சம் பாதாமிப் பழம். நல்லா வந்திருக்கு.”

ரக்தா மூடியை எடுத்தாள். உள்ளே வெறும் வெந்நீர்.

எந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகிஃப் கைத்துணியால் முகத்தைத் துடைத்தான். அவமானம் காது வரை சுட்டது.

“ரெண்டு மாசமா ஒவ்வொரு வறுவலுக்கும் எனக்கு ஒரு கரண்டி மேல அனுப்புறீங்க. ‘நீ கத்துக்கணும், என்ன வாசனைன்னு சொல்லு’ன்னு கேக்குறீங்க. நானும் முட்டாள் மாதிரி சொல்லிட்டிருந்தேன். நீங்க எனக்குச் சொல்லித் தரலை. என் மூக்க எரவல் வாங்கிட்டிருக்கீங்க.”

“யார்கிட்டயும் சொல்லாத ரக்தா.”

“சொல்றதா இருந்தா இந்தக் கோப்பைய மேலயே காட்டியிருப்பேன்,” என்றாள். “டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனா சீட்டு எழுதுவான். சீட்டு எழுதுனா வெளிய தெரியும். இந்த ஊர் காபிக்காரங்கள உனக்குத் தெரியாதா? ஒரு கடைல தும்முனா பத்துக் கடைல மூக்குத் துடைப்பாங்க.”

அது உண்மைதான். நகரத்துச் சிறப்புக் காபிக் கடைகளுக்கெல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழு. முதலாளிகள், வறுவல்காரர்கள், காபி போடுகிறவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். வாரம் ஒரு கடையில் கூடிச் சுவை பார்ப்பார்கள். நாங்கள் ஒரு சமூகம் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சமூகத்தில் ஒருவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவன் போய் நிற்பதற்கு நகரத்தில் இன்னொரு வாசல் கிடையாது. ஆகிஃபுக்கு மூச்சு முட்டியதற்குப் புகை மட்டும் காரணமில்லை.

பத்து மணிக்கு முஹன்னத் வந்து ஆகிஃபை மேலே கூப்பிட்டார். ஆகிஃபைவிட நாலு வயது இளையவர். தாடியைக் கச்சிதமாகச் செதுக்கியிருந்தார். சனிக்கிழமை நகரத்துக் கடைகளெல்லாம் இங்கே கூடுகின்றன. பாரிஸ்டா போட்டியை எந்தக் கடையில் நடத்துவது என்று முடிவு செய்கிற கமிட்டித் தலைவியும் வருகிறாள். அதனால் புதிதாக வந்த புருண்டிக் காபியை இப்போதே ருசி பார்த்துவிட வேண்டும் என்றார். ஆகிஃப் ஒரு பிடி அரைத்து, கிண்ணத்தில் கொட்டி, வெந்நீர் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினான்.

அந்தப் பக்கத்துக் காபிக்கு ஒரு நோய் உண்டு. பூச்சி கடித்த ஒரே ஒரு கொட்டை கலந்துவிட்டால் போதும், அரைத்த பிடி முழுக்கப் பச்சை உருளைக்கிழங்கு நாறும். கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு, அரைத்த நொடியிலேயே தெரியும். அந்தப் பிடியைக் குப்பையில் தட்டிவிட்டு வேறு பிடி அரைப்பார்கள். முதல் நாள் வேலைக்கு வந்தவனும் செய்கிற காரியம் அது.

முஹன்னத் குனிந்தார். நிமிர்ந்தார். ஆகிஃபைப் பார்த்தார்.

“இது என்ன?”

“புருண்டி, உஸ்தாத்.”

“புருண்டி தெரியுது. உருளைக்கிழங்குக் கூடைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. அரைக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

ரக்தா சட்டென்று குறுக்கே வந்தாள். “நான்தான் அரைச்சு வச்சேன், உஸ்தாத்.”

“நீ பேசாத. நீ அரைக்கல.” முஹன்னத் கிண்ணத்தைக் கையிலெடுத்து ஆகிஃப் முகத்துக்கு நேரே நீட்டினார். “இப்ப மோந்து பாருங்க. என்ன வருது?”

“உருளைக்கிழங்கு.”

“நான் சொன்னதால சொல்றீங்க.”

முஹன்னத் கிண்ணத்தை மெல்ல வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் சிரித்தார்.

“அபூ கைஸ், உங்க கைக்கும் காலுக்கும் நான் சம்பளம் தரலை. அதுக்கு ஷஹாத்தா இருக்கான். உங்க மூக்குக்குத்தான் தர்றேன்.”

“அந்த மூக்கு உங்க நிலவறைலதான் போச்சு, உஸ்தாத். புகைக்குழாய மறுபடி வெளிய விடுங்க. ஜன்னலத் திறங்க. மூணு தடவை கேட்டுட்டேன்.”

“சனிக்கிழமை கமிட்டி வருது. அவங்க மேல புகை விடச் சொல்றீங்களா?”

“எங்க மேல விடுறீங்களே.”

“நீங்க குடும்பம்,” என்றார் முஹன்னத், கொஞ்சமும் கூசாமல். “குடும்பத்துல கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும். சனிக்கிழமை முடியட்டும். அப்புறம் உங்க மூக்கப் பத்தியும் பேசுவோம்.”

சனிக்கிழமைக்காக வியாழக்கிழமை இரண்டு மடங்கு வறுக்க வேண்டியிருந்தது. காலை ஐந்திலிருந்து எந்திரம் நிற்கவில்லை. வறுத்த கொட்டை தொட்டி தொட்டியாகச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. பதினோரு மணி வாக்கில் ஷஹாத்தா, “தலை வலிக்குது அண்ணே,” என்றான். “சாப்பிட்டியா?” என்று கேட்டான் ஆகிஃப். “சாப்பிட்டதும் வெளிய வரப் பாக்குது,” என்று சிரித்தான். ஆகிஃப் பை எடுக்க மேலே போய்க் கால் மணி நேரம் கழித்துத் திரும்பினான். ஷஹாத்தா தொட்டிகளுக்கு நடுவே, அள்ளுகரண்டியைப் பிடித்தபடி குப்புறக் கிடந்தான். உதடு செக்கச்செவேலென்று இருந்தது.

ஆகிஃப் அவனைத் தோளில் போட்டுக்கொண்டான். தினமும் மூட்டையோடு அவன் இறங்குகிற படிகளில் அவனையே மூட்டையாகச் சுமந்து ஏறினான். ஒன்பதாவது படியில் ஆகிஃபுக்கும் கண் இருட்டியது. சுவரில் சாய்ந்து நின்று கத்தினான். மேலிருந்து ரக்தா ஓடிவந்து ஷஹாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக இழுத்துப்போய்ப் பூந்தொட்டிகளுக்கு இடையில் கிடத்தினார்கள். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஷஹாத்தாவுக்கு மூக்கிலும் வாயிலும் பிராணவாயு வைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கண் திறந்தான். பெண் டாக்டர் வராந்தாவுக்கு வந்தாள்.

“கார்பன் மோனாக்சைடு. வறுத்த கொட்டை ஆறும்போது அந்த வாயுவ விடும். காத்தோட்டம் இல்லாத அறைல தேங்கி நின்னுரும். இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வந்திருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டியதில்ல. வேற எடத்துக்குக் கொண்டு போயிருப்பீங்க.”

“நான் மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா டாக்டர்?” என்று கேட்டான் ஆகிஃப். அங்கே வந்ததிலிருந்து அந்த ஒரு கேள்விதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

“அதுக்கு வாசனையே கெடையாது. மோப்ப நாய்க்குக்கூடத் தெரியாது. ஏன் கேக்குறீங்க?”

முதல்முறையாக அவன் வாய்விட்டுச் சொன்னான். டாக்டர் விளக்கடித்து அவன் மூக்குக்குள் பார்த்தாள். புகையில் உள்தோல் வெந்துபோயிருக்கிறது, வெளிக்காற்றில் இருந்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஆனால் அந்த அறைக்குள் இருக்கும்வரை நிச்சயம் திரும்பாது என்றாள்.

முஹன்னத் மாலையில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். ஷஹாத்தாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆகிஃபை ஜன்னலோரம் அழைத்துப்போய் ஒரு தாளை நீட்டினார். ஷஹாத்தா சாப்பிடாமல் வேலை செய்ததால் மயங்கி விழுந்தான், பக்கத்திலிருந்து பார்த்தேன் என்று அதில் எழுதியிருந்தது.

“இது பொய், உஸ்தாத்.”

“இது அவனுக்கு நல்லது. தொழிலாளர் இலாகா வந்தா மொதல்ல அவன் அனுமதியத்தான் பாப்பாங்க. அடுத்த மாசம் புதுப்பிக்கணும். நான் புதுப்பிக்கலைன்னா?” பேனாவின் மூடியைத் திறந்து கையில் கொடுத்தார். “அப்புறம் உங்க விஷயம். ‘ஆகிஃபுக்கு மூக்கு போச்சு’, மூணே வார்த்தை. குழுவுல போட்டா எவ்வளவு நேரத்துல ஊர் சுத்தும்? நான் போடல. குடும்பம்னு நெனைக்கிறதால போடல.”

ஆகிஃப் பேனாவைப் பார்த்தான். கட்டிலில் ஷஹாத்தா தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை என்று இமை சொல்லியது. கையெழுத்துப் போட்டால் திரும்பவும் அந்தக் குழிக்குள். போடாவிட்டால் இரண்டு குடும்பம் தெருவில். பதினெட்டுப் படியும் தலைக்கு மேலே ஒவ்வொன்றாக மூடிக்கொள்வது போலிருந்தது.

“நாளைக்குத் தர்றேன்,” என்றான்.

“சனிக்கிழமை காலைல போதும்,” என்று முஹன்னத் தாளை அவன் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷஹாத்தாவின் மொட்டைமாடி அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவித்த மொச்சையும் ரொட்டியும். மூலிகை போட்ட தேநீரை ரக்தா ஊற்றினாள். நாலாவது ஆள் தைஸீர், பக்கத்துக் குன்றில் இருக்கிற இன்னொரு காபிக்கடையின் வறுவல்காரன். ரக்தா அழைத்து வந்திருந்தாள். அவன் ஆகிஃபின் பழைய போட்டியாளன். மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது.

“கையெழுத்துப் போட்டுருங்க அண்ணே,” என்றான் ஷஹாத்தா. குரல் இன்னும் தேறவில்லை. “என் பொண்ணுங்களுக்கு அப்பன் உயிரோட இருந்தா மட்டும் போதாது. மாசாமாசம் அனுப்புற அப்பன் வேணும்.”

“போட்டுட்டு? ஞாயித்துக்கிழமை மறுபடி அதே தொட்டிக்கு நடுவுல போய் நிப்பியா?” என்றாள் ரக்தா.

“நிப்பேன். கதவத் திறந்து வச்சுட்டு நிப்பேன்.”

தைஸீர் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான். “உங்களுதுல கதவாவது இருக்கா? எங்களுதுல தள்ளுற ஷட்டர். எங்க பையன் ஒருத்தன் ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். மொதலாளி, ‘கண்ட காபியையும் குடிக்காத’ன்னு புத்தி சொன்னாரு.” பிறகு ஆகிஃபைப் பார்க்காமலே சொன்னான். “எனக்கும் எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியறதில்ல, ஆகிஃப். ஆறு மாசமா. எங்க வீட்டுக்காரிகிட்ட கேட்டுக்கேட்டுத்தான் ஓட்டுறேன்.”

ஆகிஃப் அவனையே பார்த்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. தைஸீரும் சிரித்தான். நகரத்தின் பெரிய மூக்குகள் இரண்டும் செத்துக் கிடந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டிருந்தன.

“மூணு வார்த்தைன்னு பயமுறுத்துறாரு இல்ல?” என்றாள் ரக்தா. “அத அவருக்கு முந்தி நீங்களே சொல்லிட்டா?”

“எங்க சொல்றது?”

“எல்லாரும் இருக்கிற எடத்துல. நாளைக்கு. கமிட்டிக்காரிக்குக் காட்டுறதுக்காக உஸ்தாத் பழைய முறைல கசப்புக் காபி ஊத்தப்போறாராம். கல்யாண மண்டபத்துலேருந்து, தல்லாக் கூஜாவுல காபி ஊத்துற தல்லாக்காரர் ஒருத்தர வாடகைக்குப் புடிச்சிருக்காரு. அங்கியும் இடுப்புக் கத்தியுமா.”

ஆகிஃப் தேநீரை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவனுக்குப் பெண் கேட்கப் போனபோது பெரியப்பா, முதல் கோப்பைக் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். கூடப்போன நாற்பது பேரும் வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். வீட்டுக்காரர் ‘உங்கள் காபியைக் குடியுங்கள்’ என்றால் தந்தாயிற்று. சொல்லாவிட்டால், குடிக்காத கோப்பையோடு விருந்தாளியை அனுப்பியவன் என்ற பேச்சு அந்த வீட்டைவிட்டு இறங்காது.

“விருந்துக்கு உஸ்தாதே கூப்பிட்டிருக்காரு,” என்றான் மெதுவாக. “விருந்தாளியாப் போறதுக்கென்ன?”

“நான் மத்த கடைக்காரங்ககிட்ட பேசுறேன்,” என்றான் தைஸீர். “குழுவுல இல்ல. நேர்ல போய்.”

அவர்கள் எழுந்தபோது ஷஹாத்தா கேட்டான். “எனக்கும் ஒரு கோப்பை ஊத்துவாங்களா?”

சனிக்கிழமை காலை ஆகிஃப் கீழே இறங்கவில்லை. எந்திரம் குளிர்ந்தே கிடந்தது. “தாள் எங்க?” என்று கேட்டார் முஹன்னத். “சட்டைப்பைல இருக்கு,” என்றான். கூட்டம் வரத் தொடங்கிவிட்டதால் அவரால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

பின்கட்டில் நீண்ட மேசை. அதன்மேல் வரிசை வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் அரைத்த காபி. சுற்றிலும் நகரத்துக் கடைகளின் ஆட்கள், பச்சை, கறுப்பு, பழுப்பு மேலங்கிகளில். முதலாளிகள் முன்வரிசையில் நின்றார்கள். கமிட்டித் தலைவி நடுவில். ரக்தா கெட்டிலைத் தூக்கிக் கிண்ணம் கிண்ணமாக வெந்நீர் ஊற்றிக்கொண்டே போனாள். மேலே நுரையும் தூளும் சேர்ந்து தடித்த ஏடாகக் கட்டியது. நாலு நிமிடம் காத்திருந்து, கடிகாரம் அடித்ததும் கரண்டியால் அந்த ஏட்டை உடைத்து மூக்கை வைத்து முகர வேண்டும். முதல் ஏட்டை உடைப்பது வறுத்தவனின் உரிமை.

“இந்த நாலு நிமிஷமும் சும்மா நிக்க வேணாம்,” என்றார் முஹன்னத், பல் தெரிய. “நம்ம பாட்டன் பூட்டன் குடிச்ச காபில தொடங்குவோம். நாம எல்லாரும் ஒரே சமூகம், ஒரே குடும்பம். மொதல் கோப்பை நம்ம அபூ கைஸுக்கு. இந்தக் கடையோட மூக்கு அவர்தான்.”

தல்லாக்காரர் இடக்கையில் கூஜாவைச் சாய்த்து, வலக்கையால் சிறு கோப்பையை நீட்டினார். ஆகிஃப் வாங்கினான். அடியில் ஒரு மிடறு காபி, கொதிக்கக் கொதிக்க. எல்லோரும் அவன் குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். நுஹாவையும் கைஸையும் நினைத்தான். குனிந்து, கோப்பையை மேசையின் விளிம்பில் வைத்தான்.

தல்லாக்காரர் அடுத்த ஆளுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

“ஊத்துங்க,” என்றார் முஹன்னத்.

“கோப்பைய கீழ வச்சிட்டாரு, உஸ்தாத். அவருக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கணும்.”

“இது நிகழ்ச்சிங்க. பாலைவனத்து ஆட்டுமயிர்க் கூடாரம் இல்ல.”

“அங்கிய மாட்டச் சொன்னது நீங்கதான்,” என்றார் அவர்.

யாரோ சிரித்தார்கள். கமிட்டித் தலைவி முஹன்னத்தைப் பார்த்தாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், கோப்பை கீழே இருப்பதன் அர்த்தம் அவளுக்கும் தெரியும். முஹன்னத்தின் கழுத்து சிவந்தது. “என்ன வேணும் அபூ கைஸ்?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆகிஃப் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“எனக்கு வாசனை தெரியாது,” என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “ரெண்டு மாசமா. நீங்க இப்ப மோந்து பாக்கப்போற காபிய மோக்காமத்தான் வறுத்தேன். இந்த எடத்துக்குக் கீழதான் நான் நிக்கிற அறை. புகை போறதுக்கு வழியில்ல. ஜன்னலுக்குச் செங்கல். முந்தாநாள் ஷஹாத்தா அங்க விழுந்தான். பட்டினியால விழுந்தான்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கு. நான் கையெழுத்துப் போடல. புகைக்குழாய வெளிய விடணும். ஜன்னலத் திறக்கணும். ஷஹாத்தா அனுமதியப் புதுப்பிக்கணும். மூக்கு திரும்புற வரைக்கும் எனக்கு மேல வேலை தரணும். இதான் நான் கேக்குறது.”

“பைத்தியமா உனக்கு?” முஹன்னத்தின் குரல் தாழ்ந்தது. “நீ இனி எந்தக் கடைலயும் கால் வைக்க முடியாது, ஆகிஃப்.”

ரக்தா கெட்டிலை வைத்துவிட்டுத் தல்லாக்காரரிடம் கை நீட்டினாள். அவர் ஊற்றினார்.

“ரக்தா, போட்டிலேருந்து உன் பேர எடுத்துருவேன்.”

“எடுத்துக்கங்க,” என்றாள். இரண்டு வருடக் கனவு அது. கோப்பையை ஆகிஃபின் கோப்பைக்கு அருகில் வைத்தாள்.

அடுத்து யாரும் கோப்பைக்குக் கை நீட்டவில்லை. பேசி வைத்தவர்கள் எல்லோரும் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது பின்வாங்கிவிட்டார்களோ? தைஸீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோளில் அவன் முதலாளியின் கை இருந்தது. அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு தைஸீர் முன்னால் வந்தான்.

“எனக்கும் ஊத்துங்க. எங்களுதும் நிலவறைதான்.”

பச்சை மேலங்கிப் பெண் ஒருத்தி வந்தாள். கறுப்பு மேலங்கி இருவர் வந்தார்கள். தல்லாக்காரர் ஒவ்வொருவருக்கும் ஊற்றினார், ஒவ்வொருவரும் வாங்கி மேசை விளிம்பில் வைத்தார்கள். வாசற்பக்கம் சலசலப்பு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷஹாத்தா நின்றான். வெளுத்த முகம், வெளுத்த சட்டை. கூட்டம் வழிவிட்டது. பதினொரு மாதமாக இந்த முற்றத்தில் அவன் கையில் யாரும் காபி கொடுத்ததில்லை. தல்லாக்காரர் அவனுக்குக் கோப்பையை நிரப்பாமல், மரியாதைக்குரிய விருந்தாளிக்கு ஊற்றுவது போல அடியில் ஒரு மிடறு மட்டும் ஊற்றினார். ஷஹாத்தா அதை இரு கையாலும் வாங்கி மற்ற கோப்பைகளோடு வைத்தான்.

கடிகாரம் அடித்தது. நாலு நிமிடம். ஏட்டை உடைக்க வேண்டிய நேரம். மேசை நெடுகக் கரண்டிகள் பளபளத்துக் கிடந்தன. ஒரு முதலாளி பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்தார், சுற்றிப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். கமிட்டித் தலைவி கைப்பையை மூடிக்கொண்டு, “முஹன்னத், நான் அந்த அறையப் பாக்கணும்,” என்றாள்.

“நிகழ்ச்சி முடியட்டும்,” என்றார் முஹன்னத். “அப்புறம் எல்லாத்தயும் பேசுவோம்.”

“நாங்க இருக்கோம், உஸ்தாத்,” என்றான் ஆகிஃப். “நீங்க அந்த ஒரு வார்த்தையச் சொல்ற வரைக்கும் இருக்கோம்.”

குடியுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போங்கள் என்றும் வரவில்லை. தைஸீர் ஒரு நாற்காலியை இழுத்து ஷஹாத்தாவை உட்காரவைத்தான். மற்றவர்கள் மரத்தளத்தில் சம்மணம் போட்டு அமர்ந்தார்கள், பூந்தொட்டிகளுக்கிடையே, மேலங்கிகளோடு. மேசையில் கிண்ணங்களின் ஏடு தானாகவே விரிசல்விட்டு அமிழ்ந்தது. கசப்புக் காபிக் கோப்பைகளில் ஆவி அடங்கியது. நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தப் படிகளில் யாரும் இறங்கப்போவதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகிஃப் ரக்தாவின் பக்கம் சாய்ந்தான்.

“இப்ப என்ன வாசனை வருது?” என்று கேட்டான். ஒளித்துக்கொள்ளாமல், எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“ஆறிப்போன காபி, அபூ கைஸ்,” என்றாள். “நெறைய.”